இன்னும் பதம் வரல

கோடையில் பிறந்த பெண்ணை ஃபிரிட்ஜ் மெக்கானிக் கட்டிக்கொள்ளக் கூடாது. இதை யாரும் அவனுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான், அது வேறு விஷயம். தெருவில் அவனுக்குக் "கூலிங்" என்றுதான் பெயர். வெயில் கொஞ்சம் ஏறினால் போதும், ஊரிலுள்ள ஃபிரிட்ஜெல்லாம் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே வாரத்தில் படுத்துவிடும். "கூலிங், பால் திரிஞ்சு போச்சு", "கூலிங், தண்ணி கூட ஜில்லுனு ஆகல" என்று ஃபோன் அலறும். சரியாக அந்த வாரத்தில்தான் அவன் மனைவிக்குப் பிறந்த நாள் வரும்.

ஒரு வருஷம் கேக்கில் கத்தியை வைத்த நேரத்தில் மருந்துக்கடையிலிருந்து ஆள் வந்தது. ஒரு வருஷம் சினிமா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தியேட்டர் வாசலில் நிற்க, இவன் ஒரு ஐஸ்கிரீம் கடையில் பெட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். போன வருஷம் கறிக்கடை. "அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று போனவன் திரும்பி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவள் ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அங்கேதான் அந்தப் பானத்தைக் குடித்தாள். பழங்களை நறுக்கிச் சிவப்பு வைனில் போட்டு, ஃப்ரீஸரில் வைத்து, ஜில்லென்று கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாளாம் அக்கா. ஊருக்குத் திரும்பி வந்தும் ஒரு வாரம் அதே பேச்சு. "ஒரு கிளாஸ்தாங்க குடிச்சேன். வெயில்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு. புருஷன்னு ஒருத்தர் இருக்கறதும்தான்."

இந்த வருஷம் அவள் முன்கூட்டியே சட்டம் போட்டுவிட்டாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலையில் இருந்தாள். எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று கேட்கிற அதே நிதானமான குரலில்தான் வீட்டிலும் பேசுவாள். அன்று அவன் ஃபோன் அவள் கைப்பையில் இருக்கும். டூல் பை பீரோ மேல் இருக்கும். காலையில் அவள் அரை நாள் வேலைக்குப் போய்விட்டு, ஸ்டேஷனில் அக்காவை அழைத்துக்கொண்டு வருவதற்குள் அந்தப் பானத்தை அவனே தயார் செய்து வைக்க வேண்டும்.

"அந்தப் பையை மட்டும் இறக்கினீங்கன்னா, இனிமே என் பொறந்த நாளுக்கு நான் அக்கா வீட்டுக்கே போயிடறேன். கோவமா சொல்லலைங்க. அங்கேயாவது பக்கத்துல யாராவது உக்காந்திருப்பாங்க."

வழக்கமாக இப்படி எதையாவது சொல்லிவிட்டு அவளே சிரித்துவிடுவாள். அன்று சிரிக்கவில்லை.

செய்முறை கேட்க மனைவியின் அக்காவுக்கு ஃபோன் போட்டான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். "கேளுங்க மாப்பிள்ளை. திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம், ஆரஞ்சுச் சுளை, எல்லாத்தையும் பொடியா நறுக்கிப் பாதியை மிக்ஸியில அடிங்க, பாதியை அப்படியே போடுங்க. கொஞ்சம் சர்க்கரைப் பாகு. அதுக்கு மேல வைனை ஊத்தி ஃப்ரீஸர்ல வைங்க. வெச்சதுக்கு அப்புறம்தான் முக்கியமான விஷயமே. அது என்னாகும்னா..."

"அண்ணி, அதோட நிறுத்துங்க. உறைய வைக்கறதைப் பத்தி எனக்கே பாடமா? மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தரீங்களே!"

"சரிப்பா, பெரிய மனுஷன். தெரிஞ்சா சரி" என்று சிரித்துக்கொண்டே அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அந்த அரை வாக்கியத்தைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறந்த நாள் காலையில் மனைவி கிளம்பியதும் கூலிங் வேலையில் இறங்கினான். குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் செய்தான். காப்பர் குழாய் வெட்டிப் பழகிய கை, மாம்பழம் துண்டு துண்டாய் ஒரே அளவில் விழுந்தது. மூடி போட்ட பெரிய எவர்சில்வர் தூக்கில் எல்லாவற்றையும் கொட்டி வைனை ஊற்றினான். நிறத்தைப் பார்த்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை. ஃப்ரீஸரில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

சாத்தியவன் சும்மா இருந்தானா? ஊரில் அவன் வாடிக்கையாளர்களைத் திட்டுகிற முதல் திட்டே, "கதவைத் திறந்து திறந்து பாக்காதீங்க, உள்ளே என்ன சினிமாவா ஓடுது?" என்பதுதான். ஊருக்குத்தானே உபதேசம். கூடத்தைப் பெருக்கினான், வந்து திறந்து பார்த்தான். சாயங்கால விருந்துக்கு மாடியில் நாற்காலி போட்டான், வந்து திறந்து பார்த்தான். குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்கு முன் ஒரு தரம், துவட்டிய பின் ஒரு தரம்.

மதியம் கரண்டியை விட்டுப் பார்த்தான். கரண்டி தங்கு தடையில்லாமல் உள்ளே இறங்கியது. சிவப்பாக, பளபளவென்று, பொடிப் பொடி ஐஸாக, கூழ் மாதிரி இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கூலிங்கின் தொழிலில் அழகுக்கு இடமில்லை. ஃப்ரீஸரில் வைத்த பொருள் கல்லாக இருந்தால் ஃப்ரீஸர் நன்றாக இருக்கிறது. இல்லையென்றால் ஃப்ரீஸரில் கோளாறு. மூன்றாவதாக ஒன்று உண்டு என்று இத்தனை வருஷத்தில் எந்த மீனும் எந்தக் கறியும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை.

"போச்சுடா" என்றான் வாய்விட்டு. ஊரில் அத்தனை பேர் வீட்டு ஃபிரிட்ஜும் ஓட, மெக்கானிக் வீட்டு ஃபிரிட்ஜ் இன்றைக்குப் பார்த்தா படுக்க வேண்டும்? அவள் முகம் கண் முன்னால் வந்தது.

பீரோ மேலிருந்த பையை அண்ணாந்து பார்த்தான். பிறகு வக்கீல் மாதிரி தனக்குள்ளேயே வாதாடினான். தெர்மாமீட்டர் டூல் ஆகாது. அது அளக்கிற சாமான். டாக்டர்கூட வைத்திருக்கிறார். அதை மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திரும்ப வைத்துவிட்டால் சட்டத்தை மீறினதாகாது.

தெர்மாமீட்டர் ஃப்ரீஸரில் இருக்க வேண்டிய குளிர் இல்லை என்றது. இருக்குமா? கதவை அத்தனை முறை திறந்தால் வடதுருவமே வியர்த்துப்போகும். அது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியது ஸ்க்ரூ டிரைவர்தான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பை இறங்கியது. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான், உள்பக்கத் தகட்டைக் கழற்றினான், குளிர்க் காயிலைத் தடவினான், பனியை உருக்கும் ஹீட்டரைச் சோதித்தான். எல்லாம் கிண்ணென்று இருந்தன. ஒரு கோளாறும் அகப்படாதது அவனை இன்னும் பயமுறுத்தியது. மிச்சம் இருந்தது உள்ளே குளிர்காற்றைத் தள்ளும் ஃபேன். அதைச் சுற்றி லேசாகப் பனி கட்டியிருந்தது. அவசரத்துக்கு அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். இவன் அந்தச் சந்துக்குள் கையை விட்டு நெம்பினான். டக் என்றது. ஃபேனின் ஒரு இறக்கை கையோடு வந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறக்காது. நல்ல ஃபிரிட்ஜை அவன் கையாலேயே கொன்றுவிட்டான்.

சமையல் மேடைமேல் தூக்கு வியர்த்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த பொடி ஐஸெல்லாம் கரைந்து வெறும் சிவப்புத் தண்ணீர். கூலிங் தரையில் உட்கார்ந்து உடைந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

சட்டென்று எழுந்து ஃபிரிட்ஜை மறைத்துக்கொண்டு நின்றான். ஃபிரிட்ஜ் அவனைவிட உயரம், அவனைவிட அகலம். தரையில் விரித்த செய்தித்தாள்மேல் ஸ்க்ரூவெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

சமையலறை வாசலில் மனைவி நின்றாள். பின்னால் அக்கா, தோளில் பையுடன்.

"இந்த வருஷம் யார் வீட்டு ஃபிரிட்ஜுங்க?" என்று மனைவி கேட்டாள்.

"நம்ம... நம்ம வீட்டுதுதான்."

"அப்பாடா. வெளியில அலையாம வீட்டுக்குள்ளேயே கடை போட்டாச்சு. முன்னேற்றம்தான்."

வாய் கேலி பேசியது, கண் பேசவில்லை. கூலிங் திருதிருவென்று விழித்தான். அக்காதான் உள்ளே வந்து தூக்கைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக்கொண்டாள்.

"ருசி அமோகமா இருக்கே மாப்பிள்ளை! எதுக்கு ஃபிரிட்ஜைப் பிரிச்சீங்க?"

"உறையலை அண்ணி. மதியம் வரைக்கும் வெச்சும் கல்லாகல. கூழ் மாதிரியே இருந்துச்சு. கரண்டி விட்டா உள்ளே போகுது..."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே, அதுதான்யா பதம்! வைன் சேர்ந்தா கல்லா உறையாது. பொடிப் பொடியா, கூழாத்தான் நிக்கும். அப்படியே அள்ளி கிளாஸ்ல போட வேண்டியதுதான். அன்னிக்கு அதைத்தானே சொல்ல வந்தேன்? மீன்குஞ்சு கேட்டுச்சா?"

கூலிங் உடைந்த இறக்கையைப் பார்த்தான். தூக்கைப் பார்த்தான். மதியம் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவன் கையில், அவன் கரண்டியில், சரியாக இருந்திருக்கிறது.

மனைவி கைப்பையைத் திறந்து அவன் ஃபோனை எடுத்து மேடைமேல் வைத்தாள். "நல்லா இருந்ததைப் போயி பழுதுன்னு பிரிச்சுப் போட்டிருக்கீங்க. நான் வருஷா வருஷம் வாயைத் திறக்காம கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். அது மட்டும் உங்களுக்கு நல்லா ஓடுற மாதிரி தெரிஞ்சுது, இல்ல?"

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "தப்புதான்மா" என்று மட்டும் சொன்னான்.

"அக்கா, நீ ராத்திரி ரயில்லதானே திரும்புற? நானும் வந்துடறேன். ரெண்டு நாள் லீவு போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். கதவைச் சத்தம் போடாமல்தான் சாத்தினாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை போலிருந்தது அவனுக்கு.

"என்ன மாப்பிள்ளை இது..." என்று அக்கா இழுத்தாள்.

அந்த நேரத்தில் விருந்துக்கு வந்து சேர்ந்தாள் மனைவியோடு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும், கல்லாவில் உட்காரும் தோழி. இரண்டு கையிலும் இரண்டு பெரிய ஐஸ் மூட்டை. "கோப்பையெல்லாம் ஜில்லுனு வெக்கலாமேன்னு வாங்கிட்டு வந்தேன். எங்கே வெக்க? ஃபிரிட்ஜ்ல..." என்றவள் ஃபிரிட்ஜைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

கூலிங் ஐஸ் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். வைன் சேர்ந்தால் கல்லாக உறையாது. அட, உப்புத் தண்ணீரும் அப்படித்தானே! ஐஸ் ஃபேக்டரியில் வேலை பழகின காலத்தில் முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். ஐஸில் உப்பைப் போட்டால் ஐஸ் உருகும், உருக உருக ஐஸைவிடப் பல மடங்கு குளிரும். அதற்குக் கம்ப்ரஸர் வேண்டாம், ஃபேன் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். ஒரு ஆள் மட்டும் வேண்டும்.

"அண்ணி, கல் உப்பு எங்கே இருக்கு?"

"உங்க வீட்டு உப்பு எங்கே இருக்குன்னு எங்கிட்ட கேக்கறீங்களா? நல்ல குடித்தனம் போங்க" என்று சொல்லிக்கொண்டே அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள்.

மொட்டை மாடியில் வெயில் தாழ்ந்திருந்தது. துணி ஊறவைக்கிற பெரிய டப்பைக் கழுவி நடுவில் வைத்தான். ஐஸை உடைத்துக் கொட்டி, உப்பை வாரி இறைத்து, நட்டநடுவில் தூக்கைப் பதித்தான். முக்காலியில் உட்கார்ந்து, இடது கையால் தூக்கைச் சுற்றிக்கொண்டே வலது கையால் மரக்கரண்டியை விட்டு ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்க ஆரம்பித்தான்.

மனைவி மாடிக்கு வந்தபோது அக்காவும் தோழியும் அவனைச் சுற்றி நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது என்ன புதுசா?" என்றாள்.

"உப்பு ஐஸ். ஓரத்துல உறையும், உறைய உறைய வழிச்சு விட்டுட்டே இருக்கணும். விட்டா ஓரம் கெட்டியாயிடும், நடுவுல தண்ணியா நிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"பதம் வர்ற வரைக்கும். எந்திரிக்க முடியாது."

"நீங்க? எந்திரிக்காம? உக்காந்து?" என்று கேட்டாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, அவனுக்குக் கொஞ்சம் தள்ளித்தான், உட்கார்ந்தாள்.

அவன் கை சுற்றிக்கொண்டே இருந்தது, பெண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். தோழி கடையில் நடந்த கதையை எடுத்தாள். கண் சோதனைக்கு வந்த ஒரு பெரியவர், வெளியே காத்திருந்தபோது தனக்கு முன்னால் போனவர்கள் படித்ததையெல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாராம். உள்ளே வந்து உட்கார்ந்ததும், மனைவி எழுத்துப் பலகையின் விளக்கைப் போடுவதற்கு முன்பே, இருட்டில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தாராம். கூலிங் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று மனைவியைக் கேட்டான்.

"சொன்னேனே. நீங்க காப்பர் குழாயைப் பத்த வெச்சு ஒட்டிட்டிருந்தீங்க. 'ஆமா, ஆமா'ன்னீங்க."

அக்கா இதற்குச் சிரித்த சிரிப்பு பக்கத்து மாடி வரை கேட்டது. கூலிங் அசடு வழிந்தான். ஆனாலும் கேட்டான், "அப்புறம் அந்தப் பெரியவருக்கு என்னாச்சு?" மனைவி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டு மிச்சக் கதையைச் சொன்னாள்.

தூக்கின் ஓரத்தில் பனி பூத்தது. உள்ளே கரண்டி கனக்கத் தொடங்கியது. அப்போது கீழே வாசலில், "கூலிங்! கூலிங்!" என்று ஒரு குரல். மாடியில் இருந்த நான்கு பேருக்கும் அது யாரென்று தெரியாவிட்டாலும் எதற்கென்று தெரிந்தது.

மேலே ஏறி வந்தவர் கறிக்கடைக்காரர். அதே கறிக்கடை, போன வருஷத்துக் கறிக்கடை. சட்டையெல்லாம் வியர்வை. "ஃபோன் போட்டுப் போட்டுப் பாத்தேன், எடுக்கவே இல்ல. ஃப்ரீஸர் இரையுது, குளிரல. உள்ளே சரக்கு நெறைய இருக்கு. ஒரு எட்டு வந்துடு கூலிங், அரை மணி நேர வேலை."

தோழி ஐஸைப் பார்த்தாள். அக்கா தங்கையைப் பார்த்தாள். மனைவி யாரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். அந்த அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

கூலிங்கின் கால் தானாகவே முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது. பழக்க தோஷம். கை கரண்டியிலேயே இருந்தது. திரும்ப உட்கார்ந்தான்.

"வர முடியாதுண்ணே. இன்னிக்கு என் பொண்டாட்டிக்குப் பொறந்த நாள்."

"அது சரிப்பா, ஆனா சரக்கு..."

"அடியில இருக்குற கம்பி வலையைத் தொடச்சு எவ்வளவு நாளாச்சு? மாசம் ஒரு தடவை தட்டச் சொன்னேனே?"

கறிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அதான். மெயினை நிறுத்துங்க, பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க, சூடு ஆற விட்டுப் போடுங்க. கதவை மட்டும் திறந்து திறந்து பாக்காதீங்கண்ணே" என்றான் கூலிங். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அக்கா பக்கம் திரும்பவே இல்லை. "அப்படியும் குளிரலைன்னா நாளைக்குக் காலையில முதல் வேலையா வரேன். ராத்திரி தாங்கறதுக்கு, இந்தாங்க, இந்த மூட்டையில மிச்ச ஐஸ் இருக்கு, கொண்டு போங்க."

அவர் ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். படியில் பாதி தூரம் போய், "ஃபோனையாவது கையில வெச்சுக்கப்பா" என்றார்.

"மாட்டேன்" என்றான் கூலிங்.

மனைவி கைக்குட்டையை மடித்து முடித்துவிட்டாள். எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். முழங்கை முழங்கையில் இடித்தது. அக்காதான் கோப்பையை நீட்டினாள். "எனக்கு ஒண்ணு போடுங்க மாப்பிள்ளை, ஆராய்ச்சி பண்ணிப் பாக்கறேன்."

கரண்டியில் அள்ளிப் போட்டான். சிவப்பாக, பளபளவென்று, பொடிப் பொடியாக விழுந்தது. நடுவில் மாம்பழத் துண்டு மஞ்சளாக எட்டிப் பார்த்தது. அக்கா ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அடேயப்பா! எங்க வீட்டுல செஞ்சதெல்லாம் இதுக்குக் கால் தூசி பெறாது." தோழியும் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். கூலிங் மனைவிக்கு ஒரு கோப்பை நிறையப் போட்டுக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள், மெதுவாகக் குடித்தாள். எப்படி என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை.

இருட்டத் தொடங்கியதும் அக்கா புடவையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். "ரயிலுக்கு நேரமாச்சு. என்னடி, வரியா? துணிமணி எடுத்து வெச்சுக்கணும்னா இப்பவே எடு."

கூலிங்கின் கை நின்றுவிட்டது.

மனைவி எட்டித் தூக்குக்குள் பார்த்தாள். மிச்சம் இருந்ததில் கரண்டி யாரும் பிடிக்காமலே நேராக நின்றது. அதற்கு மேல் ஒரு பதம் உலகத்தில் கிடையாது. அது அவளுக்குத் தெரிந்தது, குடித்த கோப்பை காலியாகக் கையிலேயே இருந்தது.

"எப்படிக்கா வர்றது?" என்றாள். "இன்னும் பதம் வரலையே. இவர் வேற நடுவுல கையை நிறுத்திட்டாரு."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது சரி, அது வர இன்னும் நேரம் புடிக்கும் போலிருக்கு" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தோழி அவளை ஸ்டேஷனில் விட எழுந்தாள்.

பதம் வந்துவிட்டது என்று கூலிங்கின் மணிக்கட்டுக்குத் தெரியும். "ஆமா, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அவன் கலக்கிக்கொண்டிருந்தான்.